பிறகு வா

“விடும் செலீனா. நாலு மணிக்கு அவையே கதவைச் சாத்திப்போடுவினம்.”

கணவன் நிறோஜன் சொன்னதைக் கேட்டும் செலீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மன்னார் நகரில் இருவரும் நடத்தும் கணினி நிலையம் அது. காணி உறுதிப் பத்திரங்களைக் களவு போகாதபடி பூட்டிக் கொழும்புக்கு அனுப்பும் மென்பொருளை அவள்தான் எழுதியிருந்தாள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் காணியைத் திரும்பக் கேட்டு உறுதியை அனுப்ப இன்று கடைசி நாள்; நாலு மணிக்குப் பிறகு கொழும்புக் கந்தோர் எதையும் ஏற்காது. மணி மூன்று நாற்பது. சின்னக் கோப்புகள் எல்லாம் போய்விட்டன. நூர்ஜஹானின் நாற்பது பக்க உறுதி மட்டும் துண்டு துண்டாகப் போய், பாதியில் விழுந்து விழுந்து, முதலிலிருந்து தொடங்கியது.

கதிரை நுனியில் உட்கார்ந்து நூர்ஜஹான் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, இருபது வருடம் புத்தளம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர்.

“என்னதான் சொல்லுது புள்ள?”

“கொழும்புக் கணினி ‘பிறகு வா’ எண்டுது, உம்மா. எங்கட புரோகிராம் அதை ‘இல்லை’ எண்டு எடுத்துக் கைவிடுது. நான்தான் அப்பிடி எழுதினனான். எங்கட ஊரில ‘பிறகு வா’ எண்டால் இல்லை எண்டுதானே!”

“போ புள்ள! காணிக் கந்தோரில எனக்குப் பதினொரு தரம் ‘பிறகு வா’ எண்டாங்க. அதே கடதாசியோட திரும்பப் போனன். பன்னிரண்டாந் தரம் முத்திரை குத்தினாங்க.”

செலீனாவின் விரல்கள் நின்றன. “அதே கடதாசி... அதே துண்டு!”

முதலிலிருந்து தொடங்காதே, நின்ற துண்டையே திரும்பக் கொடு என்று இரண்டு வரி சேர்த்தாள்.

“யோசிச்சுச் செய்யும்.” நிறோஜன் அவள் காதருகே குனிந்தான். “பத்து நிமிசம் சும்மா இருந்தால் போதும்.”

“யோசிச்சுத்தான் செய்யிறன்.”

மூன்று ஐம்பத்தொன்று. நாற்பது வீதம் போயிருந்தது. ‘பிறகு வா.’ மென்பொருள் பொறுத்தது, மறுபடி கேட்டது. எழுபது. மறுபடியும் ‘பிறகு வா.’ மூன்று ஐம்பத்தெட்டுக்குத் திரை பச்சையானது: ‘கிடைத்தது.’

“அல்ஹம்துலில்லாஹ்!” நூர்ஜஹான் அழுதுவிட்டார். “உப்புக்குளத்து வீடு, புள்ள. ஆரோ குடியிருக்காங்களாம். போய்ப் பார்க்க மனசு வரல்ல. கிணத்தடியில நான் வச்ச மாதுளை நிக்குதோ, பட்டுப்போச்சோ...”

நிறோஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செலீனா தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு மாதுளம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நிக்குது, உம்மா. இண்டைக்குக் காலமைதான் எங்கட கிணத்தடியில பிடுங்கினனான்.”