மூன்றாவது கிலோமீட்டர்

"மூணாவது கிலோமீட்டர்ல வேகம் குறையுது, ஆனா ஹார்ட் ரேட் மட்டும் எகிறுதே! உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

அகிலா அனுப்பிய செய்தியைப் படித்து பிரேம்நாத் உருகிப்போனான். கல்யாணத்துக்கு முன்பே இவ்வளவு அக்கறை! 'எல்லாம் உன் நினைப்புதான்' என்று பதில் அனுப்பிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஆமாம், போர்வைதான். பெண் பார்க்கப் போன அன்று, "தினமும் ஓடறவரா இருந்தாதான் எனக்கு செட் ஆகும்" என்று அகிலா சொன்னாள். "நான்கூட டெய்லி ஓடறேங்க" என்று இவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுவரை அவன் ஓடியதெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க. அதிலும் பாதி நாள் பஸ்தான் ஜெயித்தது.

"அப்ப தினமும் ஓடினப்போ வாட்ச்ல பதிவாகற டேட்டாவை ஷேர் பண்ணிக்கலாம். சேர்ந்து ஓடற மாதிரியே இருக்கும்" என்றாள் அவள். நிச்சயத்துக்கு முன்னால் ஜோடியாக ஓடினால் ஊர் சும்மா இருக்குமா?

எனவே வாட்ச் ஓடியது. அதைக் கட்டிய கை மட்டும் டேனியலுடையது. தெருமுனைப் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் அவன், போலீஸ் தேர்வுக்காக எப்படியும் விடியற்காலையில் ஓடுகிறவன். கூலி, வாரம் ஒரு பிரியாணி. அவன் வேர்வை காய்வதற்குள் பிரேம்நாத் டேட்டாவை அகிலாவுக்கு அனுப்பி, 'இன்னிக்கு கால் செம வலி' என்று ஒரு வரியும் சேர்த்துவிடுவான்.

ஓடும் வழி தெரியாதபடி 'பாதுகாப்புக்காக' மேப்பை மறைத்திருந்தாள் அகிலா. பெண்ணுக்கு ஒரு நியாயம், ஆணுக்கு ஒரு நியாயமா என்று பெருந்தன்மையோடு பிரேம்நாத்தும் மறைத்துக்கொண்டான்.

வேடிக்கை என்னவென்றால், அவள் டேட்டாவிலும் மூன்றாவது கிலோமீட்டரில் இதயம் எகிறியது. 'பாத்தியா, ரெண்டு மனசும் ஒண்ணா துடிக்குது' என்று எழுதினான். பதிலுக்கு ஒரு வரிசை சிவப்பு ஹார்ட் வந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் அகிலாவிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்குக் காலையில நாம சேர்ந்து ஓடறதைப் பாக்கணும்னு அப்பா ஆசைப்படறாரு. உங்களுக்கு முடியலைன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டேன்."

சோதிக்கிறாள் என்று பிரேம்நாத்துக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரன்! "ஓடிட்டா போச்சு" என்று போனை வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினான். அன்றுதான் நிஜமாக ஓடினான்.

டேனியல் ஈரம் சொட்டும் அரக்குச் சிவப்பு நூலை மூங்கில் கழியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், நான் ஓடினா தெருமுனையிலேயே குட்டு உடைஞ்சிடும். நிச்சயமே நின்னுடும்டா! முட்டியில கட்டு போட்டுக்கினு போவட்டா?"

டேனியல் நெளிந்தான். "அண்ணா, நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஏரிக்கரையாண்ட தினமும் ஒரு பொண்ணு எதிர்ல ஓடி வரும். ஜீவிதான்னு பேரு. அங்க மட்டும் ரெண்டு பேரும் பேசிக்கினே மெதுவா நடப்போம். நேத்து அதுவும் ஓகே சொல்லிடுச்சுண்ணா."

"அடப்பாவி! மூணாவது கிலோமீட்டர் அதுதானா?" தன் காதல் இத்தனை நாளும் இன்னொருத்தன் நெஞ்சில் துடித்திருக்கிறதே என்று பிரேம்நாத்துக்கு உண்மையிலேயே வலித்தது. "யாருடா அந்தப் பொண்ணு?"

"அகிலா அக்கா வீட்டு மாடியிலதாண்ணா குடியிருக்குது."

பிரேம்நாத் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். "நீ யாரு வாட்சைக் கட்டிக்கினு ஓடறேன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா. அதுகிட்ட எதையும் மறைக்கறது இல்ல."

"போச்சு, எல்லாம் போச்சு! படியிறங்கிப் போய் அகிலாகிட்ட சொல்லிடுமேடா!"

"சொல்லாதுண்ணா. அது கட்டிக்கினு ஓடறது அகிலா அக்கா வாட்சு."