காஜிமார் தெருவுக்கு வந்த வானம்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் சேக் மைதீன் காஜிமார் தெரு முழுக்க மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டார். பெற்ற மகனிடம் மட்டும் கேட்கவில்லை.

மருமகள் சுஃபியாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் யார் மனதையாவது நோகடித்திருந்தால் மாப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். மனுஷன் போட்டிக் கடைக்காரர் வீட்டுப் படியேறினார். என்றோ பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டதற்காகத் தெருப் பிள்ளைகளிடமும் போய் நின்றார். மூத்த மகன் சிக்கந்தர் பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிக்கந்தர், தார்ப்பாய்க் கடையில் உட்கார மாட்டேன் என்று ஷார்ஜாவுக்குப் போனவன். போனால் இந்த வீட்டை மறந்துவிடு என்றார் அத்தா. அவனும் அவர் மகன்தானே, மறந்துவிட்ட மாதிரியே இருந்தான். போன் இல்லை, கடிதம் இல்லை. சுஃபியாவின் கணவன் ஷாநவாஸ் இளையவன், அத்தா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அவனும் அண்ணனோடு பேசுவதை விட்டுவிட்டான். தாயும் இல்லாத வீட்டில் பரிந்து பேச ஆளில்லை.

சிக்கந்தர் விட்டுப்போனது ஒரு கம்ப்யூட்டர். அது ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எதற்கு என்று சுஃபியா கேட்டாள்.

ஷாநவாஸ் சொன்னதைக் கேட்டு அவளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எங்கோ ஒரு தீவில், மலைப்பள்ளத்தில், ஊர் அகலத்துக்கு ஒரு ஆன்டெனாத் தட்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறதாம். அதில் விழுகிற இரைச்சலைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க வீடுகளுக்கு அனுப்புகிறார்களாம். நட்சத்திரங்களுக்கு நடுவில் யாராவது இருக்கிறார்களா, ஏதாவது சொல்கிறார்களா என்று அந்தந்த வீட்டுக் கம்ப்யூட்டர் சலித்துப் பார்த்து, பதில் அனுப்பிவிட்டு, அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளுமாம்.

அன்றிலிருந்து திரையில் கலர் கலராக எழும்பும் கோடுகளைப் பார்த்தால் போதும், அடுப்பில் பால் பொங்கினாலும் அவளுக்குத் தெரியாது. இத்தனாம் பெரிய வானத்தில் ஒரு துண்டு நம் வீட்டைத் தேடி வந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் யாரோ சொன்ன ஒரு சலாம் இருந்துவிட்டால்? நினைக்கவே அவளுக்கு மூச்சு முட்டியது.

மாமனாரோ, ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் வீட்டையே ரெண்டாக்கிவிடுவார். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் யாரும் கை நீட்டக்கூடாது. காலைத் தொழுகை முடிந்து வந்ததும் இன்டர்நெட் போட்டு எதையோ பார்ப்பார், பார்த்த பிறகுதான் டீ. பெற்ற மகன் மேல் இல்லாத அக்கறை வானத்தின் மேல் எங்கிருந்து வந்தது என்று சுஃபியா உள்ளுக்குள் பொருமுவாள்.

புறப்படும் நாள். வாசலில் கார் நிற்கிறது. சொந்தபந்தம் கூடியிருக்கிறது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்ட பிறகு மருமகளைத் தனியாக அழைத்தார்.

"நான் வார வரைக்கும் கம்ப்யூட்டர மட்டும் அமத்திராதம்மா. காலையில இன்டர்நெட் போட்டு விட்டுரு."

இத்தனை நாள் அடக்கி வைத்தது சுஃபியாவின் வாயில் வந்துவிட்டது.

"ஆகாசத்துல யாரு இருக்கான்னு தேடுறீங்களே மாமா. பெரிய மச்சான் எப்படி இருக்காகன்னு ஒரு நாள் தேடுனீங்களா?"

கொஞ்சம் தள்ளி நின்ற ஷாநவாஸ் அவசரமாக அவளுக்குக் கண் காட்டினான்.

பெரியவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். போன் லைனில் இன்டர்நெட் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்து, ஒரு பக்கம் மெதுவாகத் திறந்தது. காஜிமார் தெரு என்று ஒரு குழுவின் பெயர். அதில் இரண்டே பேர். சேக் மைதீன், சிக்கந்தர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் கம்ப்யூட்டர் இதுவரை முடித்த துண்டுகளின் எண்ணிக்கை.

"போகும்போது எம் பேரையும் சேத்து எழுதிப்புட்டுப் போயிட்டான். அங்கனயும் ஒண்ண வச்சு ஓட்டுறான். நேத்து அவன் நம்பர் ஒண்ணு ஏறிருக்கு, பாத்தியா? நல்லாருக்கான்னு அர்த்தம்."

சுஃபியாவால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு உயிர் இருக்கிறது, இருக்கிறேன் என்று சொல்கிறது. இந்த வீட்டில் ஒருவர் தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு போன் பண்ணிருக்கலாமே மாமா."

"எடுக்கத்தாம்மா செய்றேன். வாய் வர மாட்டேங்குது."

வெளியே கார் ஹார்ன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு நிலைப்படி வரை போனவர் திரும்பி நின்றார்.

"அவனும் அங்க தெனம் இதத்தான் பாத்துக்கிட்டிருப்பான். நம்ம நம்பர் நின்னுருச்சுன்னா அத்தாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துருவான். அதான்மா, அமத்திராத."