கடைசி ரீப்பை

"அப்ப கடப்பு எந்த இடத்தில விடுற?"

"கடப்பு வேணாம் ஓடாவியார். இந்த மூலையில இருந்து அந்த மூலை மட்டும் ஆளுயரத்துக்கு ரீப்பை அடிச்சு விடுங்க. இடைவெளி எல்லாம் ஒரே அளவா இருக்கணும்."

அழகரத்தினம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வளவை ஒருமுறை பார்த்தார். நாவற்குடாவில் கதவு, கூரை, வேலி எதுவென்றாலும் மரவேலைக்கு ஓடாவியார்தான் வர வேண்டும்; சொந்தமோ பிறத்தியோ, எல்லாருக்கும் அவர் ஓடாவியார்தான். இந்த வீட்டின் நிலைகளும் யன்னல்களும்கூட அவர் இழைத்துப் பூட்டியவைதான். ஆனால் வழியே இல்லாத ஒரு வேலியை அவர் இதுவரை அடித்ததில்லை.

போக வர ஒரு வழி வேண்டாமா என்று மெல்லக் கேட்டார். அந்தப் போக்குவரத்துதானே வில்லங்கம் என்றான் ஜெயந்தன். பின்வளவுக் கொட்டிலில் இருக்கிற அன்னப்பூரணி நினைத்த நேரம் வந்து அவன் பிள்ளையைத் தூக்குகிறாளாம். போன கிழமை கேட்காமல் கொள்ளாமல் நண்டுக்கறிச் சோற்றைத் தீத்தி, இரண்டு வயதுப் பிள்ளைக்கு முகமெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டி வந்ததாம். முன் கேட்டுக்கு அன்றைக்கே பூட்டுப் போட்டாயிற்று; மிச்சம் இந்தப் பின்பக்கம்தான்.

"அவவுக்குத் தெரியாதே தம்பி, பிள்ளைக்கு நண்டு ஒத்துவராதெண்டு."

"தெரியாட்டிக் கேக்கணும். உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்க, வேற ஆள் பிடிச்சு மதில் கட்டுறன்."

மதில் என்றால் கதை முடிந்தது. வேலியில் இடைவெளியாவது இருக்கும். அழகரத்தினம் நூலைப் பிடித்துக் கட்டினார்.

இடைவெளி எவ்வளவு என்று கேட்டதற்கு ஜெயந்தன் நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினான். அந்த அகலத்துக்கு ஓர் அளவுக்கட்டையை அறுத்துக்கொண்டார். ஒரு ரீப்பைச் சட்டத்தை அடிப்பது, பக்கத்தில் கட்டையை நிறுத்துவது, அதை ஒட்டி அடுத்த ரீப்பை. கட்டை நகர நகர வேலியும் நகர்ந்தது.

வேலியின் நல்ல முகம் வெளியே பார்க்க வேண்டும் என்பதால் பின்வளவில் நின்றே அடித்தார். வீட்டு நாய் வந்து அவர் காலடியில் சுருண்டு படுத்தது. சுத்தியல் சத்தத்துக்கும் எழும்பவில்லை.

அன்னப்பூரணி முருங்கை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரீப்பை கூடக்கூட வீட்டுக் குசினி வாசல் அவளுக்குக் கீற்றுக் கீற்றாகத்தான் தெரிந்திருக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கை ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

எந்த வேலியென்றாலும் முழு நீளத்தையும் அளந்து, பங்கு போட்டுப் பார்த்த பிறகுதான் ஓடாவியார் முதல் ஆணியைத் தொடுவார். முதல் இடைவெளியும் கடைசி இடைவெளியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இன்றைக்கு அவர் பங்கு போடவில்லை.

வாவிக் காற்று எழும்புகிற நேரத்தில் வேலை மூலைத் தூணுக்கு வந்தது. தூணுக்கு முன்னால் ஓர் இடைவெளி மிஞ்சிக் கிடந்தது. மற்றதெல்லாம் நான்கு விரல். இது மட்டும் மெலிந்த ஆள் ஒருவர் சரிந்து நுழையும் அகலம்.

ஜெயந்தன் வந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன ஓடாவியார், உங்களுக்கும் கணக்குப் பிழைக்கிற காலம் வந்திட்டுப் போல?"

"ஓம் தம்பி, பிழைச்சிட்டு. நடுவில இன்னொண்டு அடிச்சா அளவு பிசகும், பாக்க வடிவில்ல. இப்பிடியே கிடக்கட்டுமே."

வடிவு யாருக்கு வேண்டும் என்றான் அவன். தான் சந்திக்குப் போய்வருவதற்குள் அது அடைபட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

நிலத்தில் ஒரேயொரு ரீப்பை மிஞ்சியிருந்தது. அழகரத்தினம் அதைத் தூக்கி இடைவெளியின் நடுவே நிறுத்திப் பிடித்தார். ஆணி வாயில் இருந்தது. சுத்தியலை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

யசோதினி தேத்தண்ணி கொண்டு வந்தாள். ஜெயந்தனின் மனைவி. வீடும் வளவும் அவளுடைய சீதனம். பேச்சு மட்டும் அவனுடையது. காலையிலிருந்து குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள்.

வேலி அவள் தலைக்கு மேலே போயிருந்தது. மற்ற இடைவெளிகளில் கோப்பை நுழையாது. அவர் ரீப்பையைச் சற்று விலக்க, அந்தக் கடைசி இடைவெளியால் கையை நீட்டினாள். சீனி போடாத தேத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. எப்படி வேண்டும் என்று அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

கோப்பையை அவர் உடனே வாங்கவில்லை. வாயிலிருந்த ஆணியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். முருங்கையடிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காகக் கேக்கல்ல புள்ள. உன்ட அம்மா சரிஞ்சு வந்தெண்டாலும் பேரன ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டும்; அப்பா நான் இந்த ஒரு இடைவெளிய மட்டும் இப்பிடியே விடட்டா?"