மாப்பிள்ளை வாங்கிய காலிப்பர்

"ஒரு ஆணியை நேரா அடிக்கத் தெரியாது. இவருக்கு டிஜிட்டல் காலிப்பர் ஒரு கேடா?"

ஹார்டுவேர் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள் அவள்.

கணவர் தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர். ஐம்பத்திரண்டு வயதில் திடீரென்று ஓர் ஆசை, மரத்தில் குட்டி ரயில் செய்ய வேண்டுமாம். சக்கரமெல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். அதை நுணுக்கமாக அளக்கத்தான் காலிப்பர்.

"ஸ்கேல் வெச்சு அளந்தா ஆகாதா? உங்க ரயில் கவுந்தா யார் சாகப் போறா?"

பொருளைத் தேர்ந்தெடுத்துத் தருவதற்காகக் கூட வந்திருந்தவர் அவளுடைய அண்ணன். லேத் பட்டறையில் முப்பது வருஷம். அங்கே அவருக்கு 'மயிரிழை' என்று பட்டப்பெயர். அதற்கு மேல் அவர் கை பிசகியதே இல்லை, போன மாசம் வரை.

இந்த மாசம் அவர் கடைந்த இரண்டு இரும்பு ஷாஃப்ட் அளவு தப்பிக் குப்பைக்குப் போய்விட்டன. மூன்றாவதும் போனால் லேத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவரைச் சரக்குப் பெட்டி கட்டும் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இரும்பு சரியில்லை, மெஷினும் பழசு" என்று அண்ணன் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்திருந்தார்.

கடைக்காரர் மூன்று காலிப்பர்களை எடுத்து வைத்தார்.

"மாப்பிள்ளை, முன்னாடியே சொல்லிடறேன். டிஜிட்டல் எல்லாம் சோம்பேறிங்க சமாச்சாரம். வேலை தெரிஞ்சவன் கோடு பார்த்துப் படிக்கிற வெர்னியரைத்தான் தொடுவான்" என்றார் அண்ணன்.

"எனக்கு அந்தப் பொடிப்பொடிக் கோடெல்லாம் பார்க்க வராது மச்சான். நீங்களே இதுல நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

அண்ணன் முதலில் பிளாஸ்டிக்கை எடுத்தார். அதன் வாயை மூடி அழுத்தினார்.

"அழுத்தினா வளையுது. ஆளுக்கு ஒரு அளவு சொல்லும். வேணாம்."

விலை கூடினதைத் தொடக்கூட இல்லை. "இது ராக்கெட் விடறவனுக்கு."

நடுவில் இருந்த ஸ்டீல் காலிப்பரை எடுத்து, வாயை மூடி, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார்.

"இடுக்குல வெளிச்சம் கசியுதா பாருங்க மாப்பிள்ளை."

"இல்லை மச்சான்."

ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு, விறுவிறுவென்று பத்துத் தடவை திறந்து மூடினார். பத்துத் தடவையும் ஜீரோவிலேயே வந்து நின்றது.

"யோக்கியமான பொருள். வீட்டு வேலைக்கு இதுக்கு மேல செலவு பண்றவன் கிறுக்கன்."

"நம்பர் பெருசா தெரியுதா மச்சான்?" என்றார் கணவர்.

"ஏன், ஊர்ல போஸ்டர் ஒட்டப் போறீங்களா?" என்றாள் அவள். கடையே சிரித்தது.

கடைக்காரர், ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, ஒரு வெர்னியரையும் ட்ரில் பிட்டையும் நீட்டினார். அண்ணன் வெர்னியரில் பிட்டைக் கவ்வ வைத்து, கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பத்து... பத்துதான். உங்க கடையில வெளிச்சமே இல்லையேப்பா."

அவர் தலைக்கு மேலேயே இரண்டு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது.

அதே பிட்டை டிஜிட்டலில் வைத்ததும், கை நீட்டிய தூரத்திலிருந்தே சட்டென்று படித்தார். "ஒன்பது புள்ளி ஒன்பது எட்டு."

ஸ்டீல் காலிப்பரையே வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஆரம்பித்துவிட்டார். சோப்பை அளந்தார். சாவியை அளந்தார். கதவுத் தாழ்ப்பாளை அளந்தார். கடைசியில் காலிப்பரின் வாயைத் திறந்துகொண்டு மனைவியின் மூக்கருகே வந்தார்.

அவ்வளவுதான், அவள் வெடித்தாள்.

"இது இந்த வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன். அண்ணா, இந்தச் சனியனை நீயே எடுத்துட்டுப் போ!"

வெடுக்கென்று பிடுங்கி அண்ணனின் பைக்குள் திணித்தாள்.

"பட்டறைக்கா? டிஜிட்டலைப் பார்த்தா பசங்க சிரிப்பானுங்க."

"என் தங்கச்சி புருஷன் வாங்கின குப்பை, சரியா காட்டுதான்னு சோதிக்கிறேன்னு சொல்லு. தினமும் வேலையில போட்டு அளந்து பாரு. உண்மை பேசுதுன்னு உனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் திருப்பிக் கொண்டு வராதே."

"அப்போ என் ரயில்?" என்றார் கணவர் பரிதாபமாக.

"ரயிலும் வேணாம், மயிலும் வேணாம். வாயை மூடுங்க!"

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைத்துனர் தோளில் தட்டினார்.

"சரி விடு. ஒரு ஆறு மாசம் ஓட்டிப் பார்க்கிறேன். மாப்பிள்ளை கையில இருந்தா ஒரே வாரத்துல உடைச்சிடுவார்."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் ஜன்னலோரம் நின்று பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்பத் திட்டிட்டேனாங்க?"

"நேத்து நாம பேசி வெச்சதை விடக் கொஞ்சம் ஜாஸ்திதான். கடையில அத்தனை பேர் முன்னாடியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"என்ன பண்றது? தனக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு எங்கண்ணன் செத்தாலும் ஒத்துக்க மாட்டான். தங்கச்சி புருஷன் முட்டாள்னா உடனே ஒத்துக்குவான்!"