பாட்டு இழுக்கிறது

"மண்ண ரெண்டு பலகைக்கும் நடுவுல கொட்டச் செல்றீங்க. இது ஸ்பீக்கர் பெட்டியா, கபுறுக் குழியா தம்பி?"

ஸாலிஹ் பாஸ் உளியை வைத்துவிட்டுச் சிரித்தார். மாளிகாவத்தையில் கட்டிலும் அலுமாரியும் செய்து பழகிய தச்சர். சுவருக்குள் சுவர் வைத்து இப்படியொரு ஜோடிப் பெட்டியை அவர் இதுவரை செய்ததில்லை.

"கொட்டுங்கோ நானா. மண் இருந்தால்தான் பலகை அதிராது," என்றார் மரியநாயகம்.

"நேத்து செக் பொயின்ட்ல ஆமிக்காரன் இந்த மூட்டைய அவுத்துப் பாத்தான். ஸ்பீக்கருக்குன்னேன். பிஸ்ஸுதன்னு கேட்டான். எனக்கில்ல மாத்தையா, கொண்டாரச் சென்ன ஆளுக்குத்தான் பைத்தியம்னு செல்லிட்டு வந்தேன்."

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையை ஒட்டிய வாடகை அறை அது. சுவரில் ஒரு லண்டன் சஞ்சிகைப் பக்கம் ஒட்டியிருந்தது. அதிலிருந்த ஸ்பீக்கரின் விலைக்கு அந்த ஒழுங்கையிலேயே ஒரு வீடு வாங்கலாம். ரேடியோ திருத்தும் மரியநாயகம் அதன் அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். ஈயக் குண்டுகளுக்குப் பதில் உப்புப் போகக் கழுவிய கடல் மணல். கம்பளிக்குப் பதில் தலையணையைப் பிரித்தெடுத்த இலவம்பஞ்சு. மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்துவிடும் செப்புக் கம்பிச் சுருளை, வெறும் நூல்கட்டையில் மூன்று தரம் சுற்றி மூன்று தரம் அவிழ்த்து, நாலாம் தரம் திருப்திப்பட்டிருந்தார்.

"இவ்வளவும் ஒரு கசெட்டுக்கா?"

"ஒரேயொரு கசெட்டுக்குத்தான்."

யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலைத் தாண்டி, யாரோ ஒருவரின் சாரமடிப்பில் மூன்று மாதத்துக்கு முன் வந்த கசெட். அதில் மகள் செலீன் பாடியிருந்தாள். சின்ன ரேடியோவில் போட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அவருக்கு அது பிரிந்து கேட்க வேண்டும்.

வெளிநாடு போகிறேன் என்று நாலு வருடத்துக்கு முன் புறப்பட்டவர் அவர். கொழும்போடு பயணம் நின்றது. பின்னால் பாதையும் மூடியது. புறப்பட்ட அன்று மனைவி ஐறீன் படலையடியில் நின்று சொன்னாள்: "இதைத் தாண்டினா, இனி என்னோட கதைக்க வேண்டாம்."

தாண்டினார். அவளும் சொன்ன சொல்லில் நின்றாள். ஊருக்குப் போகிற ஆட்களிடமெல்லாம் அவளுக்கு இழுப்பு மருந்து கொடுத்தனுப்புவார். கிடைத்தது என்று மகள்தான் எழுதுவாள். கடிதத்தின் அடியில் ஐறீனின் கையெழுத்தில் ஒரு வரியாவது இருக்குமா என்று தாளைத் திருப்பிப் பார்ப்பார். இருக்காது.

"ஒங்கட பொஞ்சாதி பேசி ஈக்காவா இதுல?" ஸாலிஹ் கடைசி ஆணியை அடித்தபடி கேட்டார்.

"இல்லை. அம்மா கதைக்க மாட்டாவாம் எண்டு மகள் துவக்கத்திலயே சொல்லிப்போட்டாள்."

ஸாலிஹ் சுத்தியலைக் கீழே வைத்தார். ஒரு ரயில் அறையை உலுக்கிக்கொண்டு போனது. அதன் சத்தம் தெஹிவளைப் பக்கம் தேய்ந்து முடியும்வரை மரியநாயகம் காத்திருந்தார். பிறகு கசெட்டைப் போட்டார்.

பெட்டிகள் இரண்டும் இல்லாமல் போயின. அறை நடுவில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை நின்று மாதா பாட்டுப் பாடியது.

"யா அல்லாஹ்! புள்ள இங்கனதான் நிக்குது!"

மரியநாயகம் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய முகத்தில் சிரிப்பில்லை. பிள்ளையைத் தாண்டி, இன்னும் பின்னால் எங்கோ போய் நின்றது அவர் காது.

"ஆனா தம்பி, பாட்டு இழுக்குதே," என்றார் ஸாலிஹ். "ஒருக்கா ஓடுது, ஒருக்கா கர்ப்பிணி மாதிரி நடக்குது. ஒங்கட டெக் மோட்டர் சரியில்ல போல."

"மோட்டர் சரி நானா. பதியேக்கையே அப்பிடித்தான்."

"பின்னுக்கு ஒரு இரைச்சலும் கேக்குது. கிர்ர் கிர்ர்னு. அத எடுத்துட்டா பாட்டு சுத்தமா ஈக்கும். ஒங்களுக்குத் தெரியாத வித்தையா?"

"இரைச்சல் இருக்கட்டும்." மரியநாயகம் கண்ணைத் திறக்கவில்லை. "பாட்டைத்தான் எடுக்க ஏலாமக் கிடக்கு."

ஸாலிஹ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆமிக்காரன் கேட்டது சரிதானோ?

"என்ன பேசுறீங்க தம்பி? மகள்ட பாட்டக் கேக்கத்தானே இவ்வளவு பாடும்?"

மரியநாயகம் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டார். தரையில் முழந்தாளிட்டு, பெட்டியோடு காதை வைத்தார்.

"யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை நானா. பற்றரி கொண்டுபோகவும் தடை. ரெக்கோர்டர் ஓடுறதெண்டால் ஆரோ ஒராள் சைக்கிள்ள ஏறி, டைனமோவை மிதிச்சுக்கொண்டே இருக்கோணும். மிதிக்கிற ஆள் களைச்சால் பாட்டும் களைக்கும்."

பாட்டு மெல்லத் தளர்ந்தது. ஸாலிஹும் குனிந்து காதைக் கொடுத்தார். சில்லின் கிர்ர் சத்தத்தோடு, இப்போது தனியாகப் பிரிந்து, இன்னொன்றும் கேட்டது.

நாலு வருடமாக அவரோடு ஒரு சொல்லும் பேசாமல், ஆனால் பாட்டு முடியும்வரை மிதியை நிறுத்தாமல், ஐறீனின் நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது.