தேவராசாவின் ஓட்டப் பயிற்சி

"உடம்பு சூடாகாமல் ஓட வெளிக்கிடாதேங்கோ எண்டு எத்தினைதரம் சொல்லுறது?"

அற்புதராணி கணவனின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கடலால் வந்து வலையை உதறிய கையோடு தேவராசா கோயில் வெளிக்கு வந்திருந்தான். வானத்தில் ஆமி ஹெலிகொப்டர்ச் சத்தம் இல்லாத விடியல். குருநகர் இன்னும் முழுதாக எழும்பவில்லை.

"போன வருசம் வாசிகசாலை ஓட்டப் போட்டியிலை கெண்டைச்சதை பிடிச்சு விழுந்தது மறந்துபோச்சோ? இந்தமுறையும் விழுந்தால் ஆர் தொழிலுக்குப் போறது?"

"என்னோடை தொழிலுக்கு வாற யாகப்பு தோணியிலை இருந்துகொண்டு இன்னும் நக்கலடிக்கிறானப்பா. சரி, அந்தக் குதிக்கால் எழுப்பிறதை ஒருக்காச் செய்து காட்டு."

அவள் கோயில் படியில் நுனிக்காலில் எழும்பி, மெல்ல இறங்கினாள். "ஆறுதலாச் செய்யவேணும். அப்பத்தான் கெண்டைக்குப் பலம் வரும்."

"விளங்கேல்லை. இன்னொருக்கா."

"உங்களுக்குப் படிப்பிச்ச வாத்தியார் பாவம்!"

சிரித்துக்கொண்டே திரும்பவும் செய்தாள். முழங்காலுக்கு உறுதி வர, ஒற்றைக்காலில் குந்தி எழும்பிக் காட்டினாள். அவனோ பாதியிலேயே களைத்து வேம்பின் கீழ் இருந்துவிட்டான்.

"நீ ஓடு ராணி. பாதம் எப்பிடி நிலத்திலை படுகுது எண்டு பாத்துப் பழகிறன்."

அவள் ஓடினாள்.

பள்ளிக்கூடத்தில் அவளை முந்த ஆளில்லை. கடைசிப் போட்டியில் அவசரப்பட்டு ஓடி முழங்கால் பிசகியதோடு பயம் பிடித்துக்கொண்டது. பிறகு கல்யாணம், பிள்ளை. அவளை ஓடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஓடவேண்டும் போலிருக்கிறது என்று அவளும் வாய் திறந்ததில்லை. இப்போது, அவனுக்குக் காட்டுகிற சாட்டில் காற்றுக் காதில் இரையும்போது, உள்ளுக்குள் எதுவோ கட்டவிழ்ந்தது. போட்டி முடிந்தால் இதுவும் முடிந்துபோகும் என்று நினைத்தவள், நிற்காமல் இன்னொரு சுற்று ஓடினாள்.

போட்டியன்று அவளும் கூட ஓடி, குனிந்து நிமிர்ந்து, அவனுடைய உடம்பைச் சூடாக்கினாள். வாசிகசாலைத் தலைவர் கிறிஸ்துநாயகம் கல்யாணம் முடித்த ஆண்களை ஓட்டத்துக்கு அழைத்தார். யாகப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். தேவராசா கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தான்.

"எழும்புங்கோ! கூப்பிடுறாங்கள்!"

"என்ரை பேரைக் கூப்பிடேல்லையே."

விசில் ஊதியது. ஓட்டம் அவனில்லாமலே முடிந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

"இவ்வளவு நாளும் பழகிப்போட்டு, பேர் குடுக்க மறந்துபோனியளோ?"

"பேர் குடுத்தனான்தான்."

"அடுத்தது, கலியாணம் முடிச்ச பெண்கள்!" கிறிஸ்துநாயகத்தின் குரல் எழுந்தது. "முதலாவது, அற்புதராணி தேவராசா!"

அவள் திகைத்துத் திரும்பினாள். தேவராசா அவளுடைய செருப்பை வாங்கக் கையை நீட்டினான்.

"உன்ரை முழங்கால் இப்ப நோகேல்லை, போ. நான் நெடுகப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."