மூலையில் ஒரு கோடு

காலை ஒன்பது மணிக்குப் பெரியக்கா குடிநீர் அலுவலகத்துக்கு வருவார். கைப்பையை நாற்காலியில் மாட்டுவார், பென்சிலைச் சீவுவார், முதல் கோப்பை எடுத்துப் பக்க எண் போடுவார். அது முடிந்ததும் மறுபடி சீவல், அடுத்த கோப்பு. பத்தொன்பது வருடம் இப்படியே போனது.

அவர் கையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பின் மேல் மூலையிலும் குட்டியாக ஒரு பென்சில் கோடு இருக்கும். அதைப் பார்த்தால்தான் மேலாளர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தால்தான் வீட்டுக்குக் குடிநீர்க் குழாய்.

பெரியக்கா ஓய்வுபெற்ற மறுநாள் அந்த நாற்காலிக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். பின்பக்கம் அழுத்தினால் முனை நீளும் பென்சிலால் மளமளவென்று எண் போட்டாள். இரண்டே வாரத்தில் நாற்பத்தொரு கோப்புகள் மேலாளர் அறையிலிருந்து திரும்பி வந்தன.

"கோடு எங்கம்மா?" என்றார் மேலாளர்.

"எந்தக் கோடு சார்? விதிப் புத்தகத்துல அப்படி ஒண்ணுமே இல்லையே."

"விதியில இருக்கறத யார் வேணா பண்ணலாம். இது அதுக்கும் மேல."

வரைபடத்தில் குழாயின் சரிவைச் சரிபார்த்த அடையாளம் அது என்றார் பொறியாளர். பதிவறைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "சரிவாவது ஒண்ணாவது! கைராசி சார். அந்தக் கோடு விழுந்த வீட்ல இதுவரைக்கும் குழாய் ஒழுகினதில்ல."

மேலாளர் முடிவாகச் சொன்னார். "பெரியக்காவ வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். கத்துக்க. வரலைன்னா இந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை பெரியக்கா உள்ளே நுழைந்ததும் மொத்த அலுவலகமும் எழுந்து நின்றது.

"அந்தக் கோட்டோட சூட்சுமத்த இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா" என்றார் மேலாளர், கையைக் கட்டிக்கொண்டு.

பெரியக்கா கோப்புக் குவியலைப் பார்த்தார். புதுப்பெண்ணின் வெளுத்த முகத்தையும் பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. இது கூட்டத்துல சொல்ற சமாச்சாரம் இல்ல."

கதவு சாத்தப்பட்டது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது நாற்பத்தொரு கோப்புகளிலும் கோடு இருந்தது.

"நல்லாப் புடிச்சுக்கிட்டா சார். இனிமே இவ போட்டா நான் போட்ட மாதிரி."

மேலாளர் அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார். "சரிவு கச்சிதமா இருக்கு" என்று ஒரு கோப்பைப் பார்த்துத் தலையசைத்தார் பொறியாளர். புதுப்பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நன்றிக் கண்ணீர் என்று நினைத்துப் பதிவறைக்காரர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

சாத்திய கதவுக்குள் பெரியக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"பென்சில் சீவினா, எழுதுதான்னு எங்கயாவது கிறுக்கிப் பாக்க வேண்டாமாடி?"